தறிக்கூடத்தில் சொன்னது

நெசவாலைக்குள் நுழைய எங்களையும் நுழைவுச்சீட்டு வாங்கச் சொன்னார்கள். "முப்பத்தோரு வருஷம் இதே வாசல்ல அஞ்சு நிமிஷம் லேட்டானா வெளிய தள்ளுவான். இப்ப காசு வாங்கிக்கிட்டு வாங்க வாங்கங்கறான்" என்று அண்ணன் சிரித்தார். நகரத்தின் மூடிய ஆலைகளுள் ஒன்று வாகன நிறுத்தம். ஒன்று துணிக்கடை, விற்பதோ அயல்நாட்டுத் துணி. அண்ணன் உழைத்த ஆலை அருங்காட்சியகமாகிவிட்டது.

காலையில் வந்து மாலையில் திரும்புவதாக ஏற்பாடு. அண்ணன் வந்தது வேடிக்கை பார்ப்பதற்கன்று. அவருடைய பக்கத்துத் தறிக்காரரான 'சுருட்டை' நாற்பதாண்டுகளுக்கு முன் இயந்திரப் பட்டையில் சிக்கி இறந்தார். தம் கவனக்குறைவால் இறந்தார் என்கிறது இங்கே மாட்டியிருக்கும் பலகை. அதில் ஒற்றுப்பிழைகள் இரண்டு. அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம், பொய்யைப் பொறுக்கலாகாது. பட்டையை மூடியிருந்த கம்பிவலையைக் கழற்றச் சொன்னவர் மேற்பார்வையாளர். வலையைத் திறந்து மூடும் நேரத்தில் துணி குறைகிறதாம்! விசாரணையில் அண்ணன் வாய் திறக்கவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்குச் சொல்லிடணும்டா. நடுவுல புகுந்து உன் வாத்தியார் வேலையக் காட்டாத."

வழிகாட்டிப் பெண்ணை நாங்கள் நெருங்கவும், அவள் காட்சிக்கு வைத்த தறிகளை ஓடவிடவும் சரியாக இருந்தது. தரை அதிர்ந்தது. அண்ணன் அவள்முன் நிமிர்ந்து நின்று பேசினார். உதடுகள் அகலத் திறந்து ஒவ்வோர் எழுத்தையும் வடித்தன. கைகள், அங்கே இல்லாத வலையைக் கழற்றிக் கீழே வைத்தன. குரல் மட்டும் எழவில்லை. தறிக்கூடத்தில் எவரும் குரலை வீணாக்குவதில்லை. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இரைச்சல் எழுந்ததும் பழைய பழக்கம் அவருடைய தொண்டையை மூடிவிட்டது. அவருக்கே அது தெரியவில்லை. ஓரடி தள்ளி நின்ற எனக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லி நான் கத்தியிருக்கலாம்.

அவள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். தறிகள் ஓய்ந்ததும் என்னிடம், "ஐயாவுக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு போல, பாவம்" என்றாள். காது மந்தமான அண்ணனுக்கு அது கேட்கவில்லை. அவர் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"சொல்லிட்டேன்டா. ஒண்ணு விடாம சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு மறுத்தே பேசல, பாத்தியா? மாத்திடுவாங்கல்ல?"

"மாத்திடுவாங்கண்ணே."

பேருந்து நகர எல்லையைத் தாண்டுமுன்பே அவர் உறங்கிவிட்டார். சன்னல் கம்பியில் தலை இடிக்காதபடி இடையில் என் கையைக் கொடுத்தேன். அது மரத்துப்போன பின்னும் எடுக்கவில்லை.