நான்காவது மூலை

மூன்று மூலைகள் கச்சிதமாகச் சேர்ந்தன. நான்காவது மட்டும் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்து நின்றது. காலையிலிருந்து மூத்தவள் செய்த மூன்றாவது கண்ணாடிச் சட்டம் இது. மரத்தைச் சாய்வாக வெட்டும் மைட்டர் மிஷினின் முள் சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் இருந்தது. பிளேடில் மூலைமட்டம் வைத்தும் பார்த்துவிட்டாள்; மயிரிழை பிசகில்லை. எதிரெதிர்க் கட்டைகளும் ஒரே நீளம்.

அதே மிஷினில், அதே மரத்தை இளைய ஓரகத்தி வெட்டினால் நான்கு மூலையும் சேர்கிறது. பட்டறைக்கு வந்து இரண்டே வருஷம் ஆனவள்! பத்து வருஷக்காரிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நேற்று ஆளுயரக் கண்ணாடிக்குச் சட்டம் கேட்டு வந்த கடைக்காரர், "சின்னவங்களே செஞ்சா தேவலைம்மா" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். "நாளைக்குச் சாயங்காலம் என் சட்டத்தைப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று மூத்தவள் சிரித்தபடியே தவணை வாங்கியிருந்தாள்.

"அக்கா, இன்னும் எத்தனை மரத்தை விறகாக்கப் போறீங்க?" சாப்பிடக் கிளம்பிய இளையவள் கேட்டாள்.

"உன் வாய்தான் எப்பவும் எரியுற அடுப்பாச்சே. தீனி போட வேணாமா?"

அவள் தலை மறைந்ததும் மூத்தவள் அவளுடைய சட்டத்தைத் தூக்கி மூலைகளைச் சுரண்டினாள். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருப்பாளோ? ஒன்றுமில்லை. திருட்டு வேலையாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்!

இருவரும் வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கினாள். ஓரகத்தியின் இரண்டை வெட்டுமுகத்தோடு வெட்டுமுகமாகச் சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். வெளிச்சம் வரவில்லை. தன்னுடையதைப் பிடித்தாள். நடுவில் நூலாக ஒரு கீற்று. வெட்டு லேசாகக் குழிந்திருந்தது.

நேரான பிளேடு குழிவாக வெட்டுமா? வெட்டாது. அப்படியென்றால் நகர்ந்தது மரம்.

மரத்திலிருந்து மிஷினின் பின்தடுப்பு வரைக்கும் பென்சிலால் ஒரே கோடு இழுத்து, வழக்கம்போல் கையால் அழுத்திப் பிடித்து வெட்டினாள். மரத்திலிருந்த கோடும் தடுப்பிலிருந்த கோடும் விலகியிருந்தன. நேர்வெட்டில் பிளேடின் பற்கள் மரத்தைத் தடுப்போடு சேர்த்து அழுத்தும். சாய்வெட்டில் பக்கவாட்டிலும் தள்ளும். கைக்கு அது தெரியாது. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. எட்டின் பிசகையும் மூன்று மூலைகள் தள்ளிவிட, கடைசி மூலை சுமக்கிறது.

மிஷினில் மாட்டி மரத்தை அசையாமல் இறுக்கும் கிளாம்ப் ஓரகத்தியின் அலமாரியில் இருந்தது. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

சாயங்காலம் கடைக்காரர் புதுச் சட்டத்தின் நான்கு மூலையையும் விரலால் தடவினார். "இதுவும் சின்னவங்க வேலையா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"அட, கோவிச்சுக்காதீங்க. பெரிய சட்டத்தையும் நீங்களே செஞ்சிடுங்க. ஆமா, மூலை எப்படி இப்படிச் சேருது?"

இளையவள் கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி நின்றாள். மூத்தவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"மரத்தைத் தடுப்போட ஒட்டி வச்சு கிளாம்ப் போட்டு இறுக்கணும். கையை பிளேடுலேர்ந்து ஒரு சாண் தள்ளியே வச்சுக்கணும். பிளேடு முழு வேகம் எடுத்தப்புறம் மெதுவா இறக்கி வெட்டணும். வெட்டினதும் சுவிட்சை விட்டுட்டு, பிளேடு நின்னப்புறம்தான் மேல தூக்கணும்."