ஒரு கையின் கனம்

ராஸ் கார்மடி வீம்புக்கென்றே பிறந்தவன். ஆஸ்திரேலியாவில் டெனிலிக்வின் பக்கத்தில் செம்மறி வளர்க்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது வருஷமாக ஆடுகளுக்குக் கம்பளி வெட்டுகிறான்; மணி அடிக்கும் முன்னால் மெஷினை நிறுத்தியதாகச் சரித்திரம் கிடையாது. காய்ச்சலோடு வெட்டியிருக்கிறான். விலா எலும்பில் விரிசலோடும் வெட்டியிருக்கிறான். அந்த வீம்போடுதான் மர்லீன் குடித்தனம் நடத்தினாள். அவன் வெட்டித் தள்ளுகிற கம்பளியை வாரி எடுத்து மேசைமேல் விரிய வீசுவது கொட்டகையில் அவள் வேலை. வீட்டிலும் அவன் போட்டதை எடுப்பவள் அவள்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் மாதம் வெட்டும்போது ஒரு பெரிய கடா துள்ளியது. இன்னொருத்தன் என்றால் அதன் காலை விட்டிருப்பான். ராஸ் விடவில்லை. வலது கை தோளோடு இழுபட்டது.

"தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றான். சரியாகவில்லை. கையைத் தூக்கினால் உள்ளே ஏதோ சிக்கிச் சிக்கி விடுபட்டது. சட்டையை மர்லீன்தான் மாட்டிவிட வேண்டியிருந்தது. அதற்கும் அவளையே முறைத்தான்.

படம் எடுத்துப் பார்த்ததில், தோள் குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையம் கிழிந்திருந்தது. வசந்த காலம் வரை பயிற்சி செய்யட்டும், அதற்குள் தேறாவிட்டால் ஆபரேஷன் என்றார் மெல்போர்ன் டாக்டர். காரில் திரும்பி வரும்போது ராஸ் தோளைத் தடவிக்கொண்டே வந்தான்.

"கத்தி வெச்சாங்கன்னா அரை வருஷம் வெளிய நிக்கணும்" என்றான் கடைசியில். "என் வயசுல அரை வருஷம் வெளிய நின்னவன் எவன் மறுபடி உள்ள வந்தான், சொல்லு?"

மர்லீனுக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. கொட்டகை இல்லாத ராஸை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பயமாக இருந்தது.

ஊரில் பிசியோ பார்ப்பவள் டெஸ். முகத்துக்கு நேராகப் பேசுகிறவள். "கிழிசலை நான் தைக்க முடியாது, ராஸ்" என்றாள். "ஆனா சுத்தியிருக்கற தசைங்க ஒழுங்கா பிடிச்சுக்கிட்டா, கிழிசலோடயே கை வேலை செய்யும். உங்க வயசுல நிறைய பேருக்கு அப்படித்தான் ஆயிருக்கு." ஒரு நீள ரப்பர் பட்டையைக் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு எப்படி இழுப்பது என்று காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்குப் பல தடவை. கிள்ளுகிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்த வாரம் மர்லீன் வேறொரு கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது, வீட்டுப் பின்பக்கம் ராஸ் தன் வண்டியின் பின்கொக்கியில் பட்டையைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வியர்வை. தண்ணீர்த் தொட்டி மேல் அடுக்களைக் கடிகாரம்.

"என்ன பண்ற?"

"பேசாத. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கொட்டகையில் ஒரு மணி அடித்து அடுத்த மணி அடிக்கும்வரை இரண்டு மணி நேரம் வெட்டுவார்கள்; அது ஒரு ஓட்டம். நடுவில் தேநீர், சாப்பாடு, மறுபடி மணி. நாளைக்கு நாலு ஓட்டம். இந்த மனுஷன் காலை ஏழரைக்கு ஆரம்பித்து, தேநீருக்கு நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, ஐந்தரை வரைக்கும் ரப்பரை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். வாரம் முழுக்க! அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிட்டே போய் வீங்கியிருந்த தோளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

மர்லீன் கூட்டிப்போனதும் டெஸ் அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாங்கு வாங்கென்று வாங்கினாள். "மருந்துன்னு குடுத்தேன். நீங்க பீர் மாதிரி குடிச்சு வெச்சிருக்கீங்க. இது வேலை இல்ல, ராஸ். உங்க கைக்கு வேலை தெரியும். சும்மா இருக்கத் தெரியல. முதல்ல அதைக் கத்துக்கட்டும்."

அதோடு மர்லீனுக்கும் ஒரு வேலை கொடுத்தாள். தினம் சாயங்காலம் அவன் கையின் முழுக் கனத்தையும் அவள் தாங்கிக்கொண்டு, மெல்ல அசைக்க வேண்டும். அவன் துளியும் உதவக் கூடாது.

அங்கேதான் வண்டி நின்றது. அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கொடுத்தான். வேலிக்கு நட்ட கம்பு மாதிரி இருந்தது கை.

"விடு."

"விட்டாச்சு."

"விடல."

"விட்டாச்சுங்கறேன்ல!"

மர்லீன் தன் கைகளைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"விட்ட கை ஏன்யா மேலயே நிக்குது?" என்றாள்.

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். பொய்யாகச் செய்யவில்லை, அவனுக்கு உண்மையிலேயே முடியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் பாரத்தை எவர் மேலும் போட்டுப் பழகாத உடம்பு. என் மேல்கூடவா என்று நினைத்ததும் அவளுக்கு வலித்தது.

ஜூன் மாதக் குளிரில் ஒரு சாயங்காலம், கணப்படுப்பு முன்னால் அவனைத் தரையில் உட்காரச் சொன்னாள். "எதுக்கு?" என்றான். "ஆட்டை எப்படி உக்கார வைப்ப? அப்படி உக்காரு."

ஆட்டை நிற்க வைத்து எவனும் வெட்ட மாட்டான். பின்புறத்தைத் தரையில் வைத்து, முதுகைத் தன் முழங்கால்களில் சாய்த்துக்கொள்வான். கால் ஊன்ற இடமில்லை, ஆனால் முதுகுக்கு நல்ல அணைப்பு உண்டு என்று தெரிந்தால் ஆடு உதைப்பதை விட்டுவிடும். அணைப்பு இல்லையென்றால் உதைத்துக்கொண்டே இருக்கும். அவள் நாற்காலியில் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரு முழங்கால்களுக்கும் நடுவில் அவனை இடுக்கி, பின்னுக்குச் சாய்த்தாள்.

"யாராவது பார்த்தா மானம் போகும்" என்றான்.

"ஆடு பேசாது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்கும்போது அவன் முதுகு அவள் முழங்கால்களில் இறங்கியது. அவள் அவன் முழங்கைக்கடியிலும் மணிக்கட்டிலும் கைகொடுத்துக் காத்திருந்தாள். அடுப்பில் கட்டை சரிந்தது. அப்போது கை வந்தது. முழுசாக வந்தது. அவள் இரண்டு கையாலும் தாங்க வேண்டியிருந்தது. ஒரு கைக்கு இவ்வளவு கனமா என்று திகைத்துப்போனாள். முப்பது வருஷமாக இதையும் சேர்த்தா இவன் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்தான்? அவன் மேல் அவளுக்குப் பொங்கி வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையை மெல்ல மேலே கொண்டுபோய், மெல்லக் கீழே கொண்டுவந்தாள்.

"தூங்கிட்டியா?"

"ஆடு பேசாதுன்னு சொன்னியே."

அதற்குப்பின் வேலை ஒழுங்காக நடந்தது. குளிர்காலம் பூராவும் டெஸ் அவனைப் படிப்படியாக ஏற்றினாள்: சுவரில் கையை நகர்த்துவது, பட்டை, பிறகு சிறு எடைகள், பிறகு குனிந்து நிமிர்ந்து நீளக் கை வீசுவது. இரண்டு தடவை வலி திரும்பியது. இரண்டு தடவையும் ஓரடி பின்னுக்குப் போய் மறுபடி ஏறினார்கள். ஆகஸ்ட் கடைசியில் அவனே சட்டை மாட்டிக்கொண்டான். வசந்தத்தில் டாக்டர், இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"கொட்டகைக்குப் போங்க" என்றாள் டெஸ். "காலைல ஒரு ஓட்டம் மட்டும். ஆனா கிள்ளினா நிறுத்தணும். மணி அடிக்கறதுக்கு முன்னாடின்னாலும், ஆடு பாதில இருந்தாலும் நிறுத்தணும். நிறுத்தாம இழுத்தீங்கன்னா பட்டதெல்லாம் வீண், நேரா ஆபரேஷன்தான்." சொல்லிவிட்டு அவள் மர்லீனைப் பார்த்தாள். ராஸ் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை மர்லீன் கல்யாணத்திலிருந்து பார்த்து வருகிறாள். கால் காசு பெறாது.

கொட்டகையில் அவனுக்கு அடுத்த இடம் நோலனுக்கு. "வா மச்சான்! ரப்பர் ஆடெல்லாம் வெட்டி முடிச்சாச்சா?" என்று வரவேற்றான். விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்தது. ராஸ் சிரித்துக்கொண்டே தன் இடத்தில் நின்றான். மணி அடித்தது.

நன்றாகத்தான் வெட்டினான். பழைய வேகம் இல்லை, ஆனால் பழைய அழகு இருந்தது. மர்லீன் கம்பளியை எடுக்கக் குனியும்போதெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தாள். ஓட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது ஒரு பெரிய ஆடு மாட்டியது. வாலிலிருந்து கழுத்து வரை முதுகோடு நீளமாக வெட்டுகிற இடம்; கை முழுக்க எட்ட வேண்டும். மூன்றாவது இழுப்பில் அவன் தாடை இறுகியது.

அவளுக்கு மட்டும்தான் தெரியும் அது. கத்திவிடலாமா என்று வாய்வரை வந்தது. கத்தினால் இத்தனை பேர் நடுவில் அவன் நிறுத்தவே மாட்டான். கம்பளியைக் கையில் பிடித்தபடி நின்றாள். இன்னொரு இழுப்பு. இறுக்கம் போகவில்லை. விடு, ராஸ், என்று மனசுக்குள் கெஞ்சினாள். விட்டுடு.

அவன் தலைக்கு மேல் தொங்கும் மெஷின் கயிற்றை இழுத்தான். மெஷின் நின்றது. வரிசையில் ஒரு சத்தம் குறைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. ராஸ் ஆட்டை முழங்கால்களில் அணைத்தபடி நின்றான், முகம் சிவந்திருந்தது.

"மர்லீன்" என்றான். "கிள்ளுது."

அவள் பக்கத்தில் போனாள்.

"ஒரு பக்கம் பாக்கி இருக்கு" என்றான். "நீ முடிச்சிடறியா?"

மணி அடித்தபின் தங்கள் கடைசி ஆட்டில் ஒரு பக்கத்தை வேலை பழகுகிறவர்களுக்கு விட்டுக்கொடுப்பது கொட்டகை வழக்கம். அப்படித்தான் மர்லீனும் நோலனின் ஆடுகளில், மற்றவர்களின் ஆடுகளில் வெட்டப் பழகினாள். ராஸ் மட்டும் கொடுத்ததே இல்லை. அவன் தொட்ட ஆட்டை அவனேதான் முடிப்பான்.

அவள் அவனுக்கு முன்னால் நுழைந்தாள். அவன் கால் விலக, அவள் கால் அந்த இடத்துக்கு வந்தது. ஆட்டுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. மெஷினை வாங்கிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். மெதுவாக, வரிவரியாக, கொஞ்சம் மேடும் பள்ளமுமாக வெட்டினாள். அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. வலது கையைத் தளரத் தொங்கவிட்டு, இடது கையில் துடைப்பத்தை எடுத்து, அவள் காலடியில் விழுந்த துண்டுகளைக் கூட்டினான். ராஸ் கார்மடி துடைப்பம் தொட்டதை அந்தக் கொட்டகை அன்றுதான் பார்த்தது.

வெட்டி முடித்த ஆடுகளை வெளியே விடும் சறுக்குவாயிலில் ஆடு இறங்கிப் போனது. ஆட்டுக்கு இவ்வளவு என்றுதான் கூலி; நோலனுக்கு வாய் சும்மா இருக்குமா? "மச்சான், அதை யாரு கணக்குல எழுதறது? உன் கணக்கா, அக்கா கணக்கா?"

"ரெண்டு பேரு பேரையும் போடு" என்றான் ராஸ். "நான் வெட்டினது எல்லாத்துலயும் போட்டிருக்கணும்."

மணி அடித்தது. எல்லாரும் தேநீருக்கு நகர்ந்தார்கள். மர்லீன் கையில் மெஷினோடு அழுதுகொண்டிருந்தாள். ராஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, தன் வலது கையை எடுத்து அவள் தோள்மேல் வைத்தான். முழுக் கனத்தையும் வைத்தான்.