மறுபடியும் மூட்டை கட்டும் சியூ கிம்

நாட்டில் சரித்திரம் நடந்த நாளிலெல்லாம் சியூ கிம் மூட்டை கட்டிக்கொண்டோ படுத்துக்கொண்டோதான் இருந்திருக்கிறாள். அறுபத்தொன்றில் புக்கிட் ஹோ சுவீ குடிசைகள் பற்றி எரிந்தபோது தலையில் அரிசிப் பானையோடு ஓடினாள். சிங்கப்பூர் தனி நாடான அன்று தெருவே தொலைக்காட்சி முன் கூடியிருக்க, இவள் பல்வலியில் சுருண்டு கிடந்தாள். பிள்ளை இரண்டோடு நிறுத்து என்றார்கள், நிறுத்தினாள். அப்புறம் மூன்று பெறலாமே என்றார்கள். அந்த வயதில் யார் பெறுவது? சார்ஸ் வந்தது, தினமும் காய்ச்சல் பார்த்துக்கொண்டாள். இப்போது தோபாயோவில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கையே இடிக்கப் போகிறார்களாம். புது இடத்தில் புது வீடு. எழுபத்தேழு வயதில் மறுபடியும் மூட்டை.

ஒரே ஒரு சலுகை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் புது புளோக்கிலும் அடுத்தடுத்த வீடு கிடைக்கும். வீட்டு வாரியத்தில் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். இன்றைக்கு வியாழன்.

பக்கத்து வீட்டில் ரொஹாயா. நாற்பது வருஷ அயல்வாசம். ஒரு வீட்டுக் குழம்பு வாசனைக்கு மறு வீட்டில் பசி எடுக்கும். ஆனால் ஊரடங்கு வருஷத்திலிருந்து பேச்சில்லை. கொரோனாவுக்குப் பயந்து யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாதென்றிருந்த நேரம்; சூப் கொண்டுவந்த சியூ கிம்மின் தங்கை வாசலில் செருப்பை விட்ட சற்று நேரத்தில் இரண்டு அதிகாரிகள் வந்து அபராதம் எழுதிவிட்டுப் போனார்கள். புகார் போயிருக்கிறது. அன்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவள் ரொஹாயா ஒருத்திதான். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? புளோக்கில் இதைப் பேசாத வாயில்லை.

மத்தியானம் புருஷன் பூன் டெக் சோபாவில் கைபேசியைக் குத்திக்கொண்டிருந்தார். லிப்டில் யாரோ ஐஸ்கிரீம் சிந்திவிட்டார்களாம். புகார் எழுதாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்துக் கதவைத் தட்டிச் சொல்வது மட்டும் அவமானம்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல இடிக்கப்போற புளோக்குக்கு என்னய்யா புகார்?"

"கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல? இந்தா பாரு, எதை எழுதினாலும் புகார் எந்த இடம்னு கேக்கற கட்டத்துல நம்ம வீட்டு நம்பர் தானா வந்து உக்காந்துடுது. அதை அழிச்சுட்டு வேற போடணும். போன மாசந்தான் பேரன் சொல்லிக் குடுத்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி எங்க தெரியும்? அப்படியே அனுப்பிடுவேன்."

சியூ கிம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊரடங்கப்போ யார் மேலயாவது எழுதினியா?"

"மேல் வீட்டுல தினம் கும்பல் கூடி ஒரே சத்தம். எழுதினேன். ஒருத்தனும் வந்து பாக்கல."

"வந்தாங்கய்யா. இங்கதான் வந்தாங்க."

பூன் டெக்குக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். திட்ட அவளுக்குத் தெம்பில்லை. எழுந்துபோய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

ரொஹாயா திறந்தாள். பின்னால் பாதி கட்டிய பெட்டிகள்.

"என்னக்கா, வழி தவறிட்டியா?"

"புகார் குடுத்தது நீயில்ல."

"அதைத்தான் நான் அன்னிக்கே தொண்டை கிழியச் சொன்னேனே."

"எங்க ஆளுதான். மேல் வீட்டுக்காரனை மாட்டிவிடப் போயி எங்க வீட்டு நம்பரையே அனுப்பிருக்கான்."

ரொஹாயா சிரித்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்பினால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை.

"இத்தனை வருஷம், அக்கா. என் வீட்டுக்காரர் போனப்பகூட நீ வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டே."

"நாளைக்கு என்கூட வர்றியா? சேந்து வீடு கேக்க?" என்றாள் சியூ கிம்.

"நேத்துதான் மகன்கிட்ட, அவன் இருக்கற உட்லண்ட்ஸுக்கே வந்துடறேன்னு சொன்னேன்."

"உனக்கு அங்க போக இஷ்டமா?"

"மருமக சமையல்ல உப்பே கிடையாது. ஆனா சரின்னு சொல்லிட்டேனே. எந்த முகத்தோட மாத்திச் சொல்றது?"

"இன்னொருத்தியோட முதல்லேருந்து பேசிப் பழக எனக்கு இனிமே தெம்பில்ல, ரொஹாயா. போனைப் போடு. நானே பேசறேன்."

ரொஹாயா எண்ணை அழுத்திக் கொடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சியூ கிம் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ஹலோ, ஹைருலா? பக்கத்து வீட்டு ஆன்ட்டிடா. ஆமா, உயிரோடதான் இருக்கேன். உங்கம்மா அங்க வரல. ஏன்னு கேக்காதே, பெரிய கதை. தப்பு எங்க வீட்டுதுதான்."