நான்காவது பதிவு

பின்னல் கூடத்துக்கு மேலிருந்த அலுவலக அறையில் தரை எந்நேரமும் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். கீழே இருபது வட்ட இயந்திரங்கள் சுற்றும் அதிர்வு அது. புதிதாக வருபவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். ஜெயபாரதிக்கு இரண்டே ஆண்டுகளில் அது தாலாட்டாகிவிட்டது. விடுமுறைக்குச் சொந்த ஊரான குண்டடம் போனால், தரை அசையாமல் கிடப்பதுதான் அவளுக்கு விநோதமாக இருக்கும்.

அந்தப் பகலில் தாலாட்டு இருந்தும் மனம் நிலைகொள்ளவில்லை. மடிக்கணினியின் திரையில் சிவப்பு வரிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒன்றையே சொன்னது: லாட் எண் இல்லை.

இயந்திரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு துணி ரோலுக்கும் எடை, இயந்திர எண், நூல் எந்தத் தொகுதி என்று காட்டும் லாட் எண் ஆகிய மூன்றையும் பதிவுசெய்யும் வலைப்பக்கத்தை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அது இன்னும் வெளியே போகவில்லை. அவளுடைய மடிக்கணினியில்தான் ஓடியது. வெள்ளோட்டமாகக் கூடத்தில் ஒரு டேப்லெட்டை வைத்து, அதை மடிக்கணினியோடு இணைத்திருந்தாள். மூன்றிலும் முக்கியமானது லாட் எண். இயந்திரத்தில் மாட்டிய கோன்களுள், அதாவது நூல் உருளைகளுள், ஒன்று மட்டும் பழைய லாட் நூலாக இருந்துவிட்டால், சாயம் ஏறிய பிறகு அந்த நூல் ஓடிய இடமெல்லாம் கோடு விழுந்து நிற்கும்.

காலையில் மேலாளர் அய்யாசாமி படியேறி வந்து, திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனம்மிணி, இதென்ன செவசெவன்னு?"

"புரோகிராம்ல ஒண்ணுமில்லீங்க சார். நான் மூணு தடவ போட்டுப் பாத்துட்டனுங்க. கீழ போடறவங்கதான் லாட்ட உட்டுடறாங்க."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அய்யாசாமி இறங்கிப் போனார். கூடத்தின் படியருகே ஒரு கரும்பலகை உண்டு. லாட்டைக் கலந்தவர் யாரோ, அவர் பெயர் அன்று வேலை முடியும்வரை அதில் இருக்கும். அதில் அய்யாசாமி, டேப்லெட்டில் பதிவுபோடும் அழகுமலையின் பெயரை எழுதினார். "நாளையிலிருந்து நீங்க லோடு எறக்கப் போயிருங்க," என்றார்.

அழகுமலை சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பதினைந்து ஆண்டுகள் இயந்திரம் ஓட்டி இடுப்பு போனவர். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால்தான் டேப்லெட்டை அவரிடம் கொடுத்திருந்தார்கள். இனி மூட்டை தூக்க அவரால் முடியாது. வேலையை விட்டுப் போ என்பதைத்தான் வேறு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அவர் ஒருமுறை மேலே ஏறிவந்து, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"போட்டேன்னா போட்டேன்தான் மேடம். நாப்பது ரோலுக்கும் போட்டேன். அங்க காணலன்னா, எங்க கொண்டுபோய் வச்சுச்சுன்னு அந்தக் கம்ப்யூட்டர்கிட்டத்தான் நீங்க கேக்கணும்."

கோபமில்லாமல் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அதன் பிறகுதான் ஜெயபாரதிக்கு உறுத்தியது. சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். ஒரு பதிவு, இரண்டு, மூன்று. மூன்றும் சரியாக விழுந்தன. மீண்டும் நிறுத்தினாள், தொடங்கினாள், மூன்று பதிவுகள் போட்டாள். எதைச் சோதித்தாலும் மூன்று முறை பார்ப்பது அவள் வழக்கம். மூன்று முறையும் சரி என்றால் அவளுக்கு அது சரி.

சன்னல் வழியே வந்த வெயிலில் பஞ்சுத் துகள்கள் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நின்றன. தரை முனகியது. அவள் கண்கள் எப்போது மூடின என்று அவளுக்கே தெரியாது.

துணிக் குழாய் ஒன்றுக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். மேலே, கண்ணுக்கெட்டாத உயரத்தில், இயந்திரம் அதைப் பின்னிப் பின்னி இறக்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை, பாலில் நனைந்த வெளிச்சம். துணி அவளைக் கடந்து மெதுவாகக் கீழே போயிற்று. வெள்ளை, வெள்ளை, வெள்ளை, பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மறுபடியும் மூன்று வெள்ளை, ஒரு கோடு. அவள் மூச்சும் அதே கணக்கில் போய்வந்தது. கோட்டைத் தொடக் கை நீட்டினாள். அது ஈரமாக இருந்தது.

மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையில் அவள் விரல் பட்டிருந்தது. விழித்த வேகத்தில் திரையைக் கீழிருந்து மேலாக எண்ணினாள். அழகுமலையின் நாற்பது பதிவுகளில் சிவந்திருந்தவை நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது என்று நாற்பதாவது வரை போயின. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

மறந்து விடுகிறவர் இப்படி எண்ணி எண்ணி மறக்கமாட்டார்.

பலர் ஒரே நேரத்தில் பதிவு செய்யக்கூடும் என்பதற்காக, அவள் அந்த நிரலை நான்கு பிரதிகளாக ஓடவிட்டிருந்தாள். வரும் பதிவுகளை அவை முறைவைத்து வாங்கிக்கொள்ளும். லாட் எண்ணுக்கான கட்டத்தை அவள் சேர்த்தது சென்ற வியாழக்கிழமை. அதற்கு முந்தின நாள், ஏதோ சோதனைக்காக, நான்காவது பிரதியை மட்டும் தனிச் சாளரத்தில் திறந்தது நினைவுக்கு வந்தது. தேடினாள். மற்றெல்லாச் சாளரங்களுக்கும் அடியில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சர்வரைத் தொடங்கிய ஒவ்வொரு முறையும், புதிய நான்காவது பிரதி தன் இடத்தில் வேறொன்று இருப்பதைக் கண்டு, ஒரு வரி எழுதி வைத்துவிட்டு விலகியிருந்தது. அந்த வரியை அவள் ஒருநாளும் படித்ததில்லை. அழகுமலை கொடுத்த ஒவ்வொரு நான்காவது லாட் எண்ணையும், லாட் கட்டமே இல்லாத அந்தப் பழைய பிரதி வாங்கி, தான் அறியாத பொருளென்று கீழே போட்டுவிட்டது. அவள் மூன்றோடு நிறுத்தியதால் அதன் முறை அவளுக்கு வரவே இல்லை.

பழையதை மூடினாள். நான்கையும் புதிதாகத் தொடங்கி, நாற்பது பதிவுகளைத் தானே போட்டாள். திரையில் சிவப்பே இல்லை. ஐந்தரை மணிக்கு வேலை முடியும். மணி ஐந்து.

கூடத்தில் டீ வந்திருந்தது. அய்யாசாமி கையில் தம்ளரோடு நின்றார். அவரைத் தாண்டிப் போய், ஜெயபாரதி கரும்பலகையிலிருந்த பெயரை உள்ளங்கையால் அழித்தாள். தன் பெயரை எழுதினாள்.

"என்னம்மிணி இது?"

"அழகுமலையண்ணன் எல்லாத்துக்கும் லாட் போட்டிருக்காருங்க சார். பழசு ஒண்ண மூடாம உட்டது நானுங்க. நாலுக்கு ஒண்ண அதுதான் முழுங்கிருச்சுங்க. காலைல பாக்காம சொல்லிட்டனுங்க."

அய்யாசாமி பலகையை ஒரு தரம் பார்த்தார். "அப்ப நாளைக்கு லோடுக்கு உன்னையத்தான் அனுப்போணும்," என்றவர், அழகுமலையின் பக்கம் திரும்பினார். "நீங்க இங்கயே இருங்க."

அழகுமலை டீயை ஊதிக் குடித்தார். "அப்ப பழைய லாட்டுக் கோனு ஒங்க மெசின்லதான் மாட்டியிருந்துச்சு."

"ஆமாங்கண்ணா."

"எங்களுக்காவது கோனு கண்ணுக்குத் தெரியும்," என்றவர், டேப்லெட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இறங்கிக் கிடந்த ரோல்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்யத் தொடங்கினார். இயந்திரங்கள் முனகின; பஞ்சு அந்தரத்தில் நின்றது. ஜெயபாரதி மூச்சடக்கி அவர் விரலையே பார்த்தாள். மூன்றாவது விழுந்தது. நான்காவது விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்தாவது ரோலின் சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி, லாட் எண்ணை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.