நாலு மணிக் குதூகலம்

ஸ்பூனில் எலுமிச்சம்பழம் இருந்தது. ஸ்பூன் அக்கவுண்ட்ஸ் அக்ஷய்யின் வாயில் இருந்தது. சாப்பாட்டு அறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை போய்த் திரும்பியவன், ஸ்பூனை எடுத்துப் பேன்ட்டில் ஒரு தடவு தடவி, அடுத்து நின்ற ரிசப்ஷன் ப்ரியாவிடம் நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டே அதை வாங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். ப்ரியாவுக்கு அடுத்தது சாதனா.

ஸ்பூன் காம்பில் எச்சில் மெல்லிய படலமாக மின்னுவதைச் சாதனா பார்த்துக்கொண்டிருந்தாள். மனித வாயில் என்னென்ன குடியிருக்கும் என்று நுண்ணுயிரியல் படித்தவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தாலும் குமட்டியிருக்கும். மேசையில் கேக் இருந்தது. யாருக்கோ பிறந்தநாள். வெட்டியதும் பாதியை முகத்தில் பூசுவார்கள். பூசிய விரலைச் சப்புவார்கள். சப்பிய விரலாலேயே அடுத்த துண்டை எடுத்து அடுத்தவர் வாயில் ஊட்டுவார்கள். ஊரார் தின்பதிலும் குடிப்பதிலும் கிருமி இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் ஆய்வகம் அது. சோதித்துச் சொல்கிறவர்கள் இவர்கள்தான்.

ஸ்பூன் அவள் முன்னால் வந்தபோது இருமலை வரவழைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மேனேஜர் ரோஹித், "சாதனா, பாஸ். நெக்ஸ்ட்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கைபேசியில் எதையோ தட்டினார்.

ரோஹித் போன வருடம் புனேவிலிருந்து வந்தவர். கடுமையாக உழைப்பவர்கள் அதைவிடக் கடுமையாகக் கொண்டாட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு அறையில் கூடிச் சந்தோஷமாக இருக்க வேண்டும். யார் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் என்பதற்கு மதிப்பெண் உண்டு. சாதனாவின் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆனால் அவள் கொல்கத்தாவில் இருக்கலாம். இல்லையென்றால் மாற்றலாகிச் சென்னைக்குப் போகும் அப்பாவோடு அவளும் மூட்டை கட்ட வேண்டும். போனதும் அம்மாவின் முதல் வேலை ஜாதகத்தை வெளியே எடுப்பது.

அன்று சாயங்காலம் சால்ட் லேக்கில் அப்பாவின் குவார்ட்டர்ஸில் ஸ்பூன் கதையைச் சொன்னபோது அம்மா அசரவில்லை.

"ஆபீஸ்ல ஆடச் சொன்னா ஆடிட்டு வர வேண்டியதுதான. உங்கப்பா முப்பது வருசம் ஆடாத ஆட்டமா?"

"நான் எங்க ஆடுனேன்?" என்றார் அப்பா துரைசாமி, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஆபீசர் பொண்ணு கல்யாணத்துல எச்சி இலை எடுத்தீகளே, அது என்னவாம்?"

அப்பா பேப்பரைத் திருப்பினார். சாதனா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஆய்வகத்தில் அவள் உட்காரும் இடத்தில் எப்போதும் நாற்றம்தான். சோதனைக்கு வரும் மீன், பால், பானிபூரி விற்கும் புச்காக் கடைத் தண்ணீர். இவற்றின் கிருமிகளைக் கொதிக்க வைத்துக் கொன்ற பிறகு வருகிற, வெந்த ரத்தம் போன்ற வாடை. முதல் வாரம் வாந்தி எடுத்தாள். இப்போது அது தெரிவதில்லை. காரணம், அதே மேசையில் வேலை செய்யும் கல்பனா தீதி, அதாவது கல்பனா அக்கா.

கல்பனாவின் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் கொல்கத்தாவின் காளிகாட்டில் இருக்கிறது. அவள் தமிழ் வங்காளத்தில் ஊறியது. "அவன் சிகரெட் சாப்பிடறான்" என்பாள். "சத்தம் போடாத, சார்கிட்ட திட்டு சாப்பிடணும்" என்பாள். அலுவலகத்தில் யாரிடமும் வாய் திறக்காத சாதனா அவளிடம் மட்டும் பேசினாள். வேறு யாருக்கும் புரியாத மொழி என்பது கூச்சத்துக்கு நல்ல மறைப்பு.

காலையில் கிருமி வளர்ப்புப் பெட்டியிலிருந்து கண்ணாடித் தட்டுகளை எடுப்பார்கள். நேற்று வெறுமையாக இருந்த தட்டில் கிருமிகள் கூட்டம் கூட்டமாகப் புள்ளி வைத்திருக்கும். அவற்றை எண்ண வேண்டும். முதுகு ஒடிக்கிற, கண்ணைக் கெடுக்கிற வேலை. கல்பனா அதை ஆட்டமாக்கி வைத்திருந்தாள். இருவரும் தனித்தனியாக, உதடு அசையாமல் எண்ண வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். எண் ஒத்துப்போகாவிட்டால் இருவரும் மறுபடி எண்ண வேண்டும். தப்பாகச் சொன்னவள் தெருமுனையில் ஜால்முரி, அதாவது காரப்பொரி, வாங்கித் தர வேண்டும். ஒருத்தி எண்ணியதை மற்றவள் துளியும் நம்பாமல் இருப்பதுதான் ஆட்டத்தின் ருசி. புள்ளிகளுக்குப் பெயரும் உண்டு. தட்டு முழுக்கப் படர்ந்து மற்றவற்றை நசுக்கும் பெரிய வெள்ளைத் திட்டு, கல்பனாவின் குடியிருப்புச் சங்கத் தலைவர். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஊசிமுனைப் புள்ளி, சாதனா.

"பாரு, உன்னை எண்ணாம விட்டுட்டேன். நீ ஏன் இவ்ளோ ஷை?"

"நான் என்னை எண்ணிட்டேன் தீதி. ஜால்முரி உங்க கணக்கு."

சிரித்தபடியே மதியத்துக்குள் மற்ற மேசைகளைவிட அதிகத் தட்டுகளை முடித்துவிடுவார்கள். அவர்கள் அறிக்கை எதுவும் சந்தேகம் என்று திரும்பி வந்ததில்லை.

திங்கட்கிழமை ரோஹித் அவளை அழைத்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவளுடைய முதல் வெள்ளிக்கிழமையை நினைவுபடுத்தினார். அதற்கு முந்தின நாள் அலுவலக வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு மொஜா' என்று ஆங்கில எழுத்தில் செய்தி வந்திருந்தது. வங்காளத்தில் கேளிக்கைக்கும் காலுறைக்கும் ஏறக்குறைய ஒரே சொல். ஆங்கில எழுத்தில் அடித்தால் வித்தியாசமே தெரியாது. சாதனா ஏதோ காலுறை தினம் என்று நினைத்து, சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அறையே உருண்டு சிரித்தது. ரோஹித் அதை வேண்டுமென்றே செய்த குறும்பு என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து அவர் சொன்னது இதுதான். அந்தப் பெண் எங்கே போனாள்? ஸ்பூனுக்கு இருமுகிறாள், பாட்டுக்கு ஓரத்தில் நிற்கிறாள். ஆனால் கேமராவில் பார்த்தால் மேசையில் கல்பனாவோடு தினமும் சிரிக்கிறாள். வேலை நேரத்தில் அப்படி என்ன சிரிப்பு? உற்சாகம் என்ற இடத்தில் உனக்கு நான் என்ன போடட்டும்?

சாதனாவின் கண்முன் ஜாதகக் கட்டு வந்தது. அவள் ஆட்டத்தைச் சொன்னாள். எண்ணுவது, ஒன்றாகச் சொல்வது, ஜால்முரி, பெயர்கள் எல்லாவற்றையும். அவளுக்கே ஆச்சரியமாக, சரளமாகச் சொன்னாள். ரோஹித் மேசையைத் தட்டினார். இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்றார். வெளியே வரும்போது கை கழுவ வேண்டும் போலிருந்தது. கழுவினாள். கல்பனாவிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்ததும் முதலில் சுவரில் தொங்கிய தாள் கண்ணில் பட்டது. 'கவுண்ட் அண்ட் ஈட்.' கீழே மேசை. மேசையில் கேக். கேக்கை ஒட்டி ஒரு எஃகுத் தட்டம், விளிம்பில் ரிப்பன் சுற்றியிருந்தது. தட்டத்தில், வளர்ப்புப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வந்த அவர்களுடைய கண்ணாடித் தட்டுகள். ஒரு பள்ளி விடுதியின் குடிநீரிலிருந்து வளர்த்தவை. அவற்றை எண்ணி இன்று அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு மூடியின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன சமோசாத் துண்டு இருந்தது.

சாதனா வாசலிலேயே நின்றாள்.

"ஆஹா, ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவங்க வந்தாச்சு" என்று ஹிந்தியில் கத்தினான் அக்ஷய். எண்ணித் தோற்பவர் முகத்தில் கேக் என்பது புது விதி. எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குப் பின்னால் கல்பனா வந்து நின்றாள். தட்டத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு சாதனாவை.

"நீயா சொன்ன?"

தமிழில்தான் கேட்டாள். அறையில் வேறு யாருக்கும் புரியவில்லை.

"அது நம்ம வேலைடி" என்றாள் கல்பனா, குரலை உயர்த்தாமல். "இவங்க நடுவுல கொண்டாந்து வெச்சு என்னடி பண்ணப் போற?"

அவள் திரும்பிப் போய்விட்டாள். ரோஹித் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. ப்ரியாவைக் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னார். சாதனா மூடிகளைத் திறக்க வேண்டும். கேமராவுக்குப் புள்ளிகள் நன்றாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் வந்து, உன் நிரந்தர உத்தரவை இன்று மாலையே அனுப்பிவிடப் போகிறேன் என்று மெதுவாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து பெருஞ்சீரக வாசனை வந்தது. மோவாயில் ஒரு பொட்டு க்ரீம்.

எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்கள். மூன்று சொன்னதும் திறக்க வேண்டும்.

சாதனா சமோசாவை எடுத்துக் கீழே போட்டாள். தட்டத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். யாரோ, இதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்து விசிலடித்தார்கள். அவள் நடந்தாள். ரிப்பனின் ஒரு முனை அவிழ்ந்து முழங்காலில் உரசியது. பின்னால் ரோஹித் அவள் பெயரைச் சொன்னார், சிரிப்போடு. மறுபடி சொன்னார், சிரிப்பில்லாமல். ப்ரியா படம் எடுத்துக்கொண்டே தாழ்வாரம் வரை வந்தாள். கீழே விழுந்த சமோசாவை மிதித்த ப்ரியாவின் செருப்பு தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

ஆய்வகக் கதவு மூடியிருந்தது. சாதனாவின் இரண்டு கையிலும் தட்டம். கதவைத் தட்டக்கூட ஒரு விரல் இல்லை. கதவின் கண்ணாடிச் சதுரத்துக்குள் கல்பனா தெரிந்தாள். மேசையில் உட்கார்ந்து புதுக் கையுறையை ஊதி விரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கையில் கையுறை, இன்னொரு கை வெறுங்கை. எழுந்திருக்கவில்லை. சாதனா தட்டத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடிகளின் உள்பக்கம் நீர் கோத்து, அடியில் இருந்த புள்ளிகள் மங்கத் தொடங்கின.