பல்கனிக்கு ஒரு மறைப்பு

தியாகராசா ஸ்ரூலில் ஏறி நின்று பல்கனித் தூணைத் துளைத்துக்கொண்டிருந்தார். சீமெந்துத் தூள் தலையிலும் புருவத்திலும் கொட்டி, ஆள் விபூதியில் முழுகி எழும்பியவர்போல இருந்தார். ஸ்ரூலின் காலை மனைவி குணலட்சுமி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுள் முழுவதும் மேசைக்குப் பின்னால் இருந்து கையெழுத்து வைத்த மனுசன். வீட்டில் சாமிப்படம் மாட்டவும் ஆள் கூப்பிட்டவர். இன்றைக்கு இரவல் வாங்கிய திறில் மிசினோடு நிற்கிறார்.

"ஆரையும் கூப்பிட்டுச் செய்விச்சிருக்கலாமெல்லே?"

"இதை நான்தான் செய்யோணும்," என்றார் அவர். ஏனென்று அவளுக்குத் தெரியும்.

இணுவிலில் அந்த ஒழுங்கைக்குள் முதன்முதலில் மாடி எடுத்த வீடு அவர்களுடையது. நோர்வேயில் இருக்கிற மகன் வாகீசன் போன வருடம் கட்டித் தந்தான். மாடி தியாகராசாவுக்குப் பெரிதில்லை, பல்கனிதான் பெரிது. விடியக் காலமை தேத்தண்ணியும் பேப்பருமாக அதில் போய்க் குந்தினாரென்றால் வெயில் சுடும்வரை அசையமாட்டார். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வளவின் வாழைகளுக்கு மேலால் செம்மண் தோட்டங்கள் தெரியும். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள் தெரிவார்கள். அதற்கும் அப்பால் கோபுரத்தின் நுனி. கொழும்பிலிருந்து யார் போன் எடுத்தாலும் சுகம் விசாரிக்க முதல் கோபுரத்தைத்தான் சொல்லுவார்.

அவர் தூரத்தையே பார்த்தார். நேர் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை. நேர் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம், கேதீஸ்வரியின் கிணறு இருந்தது.

கேதீஸ்வரி முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். ஐம்பதை எட்டியவள், தனியாள். தகப்பன் விட்டுப்போன பழைய வீட்டுக்குள் குளியலறை கிடையாது, குளிப்பெல்லாம் கிணற்றடியில்தான். சுற்றிவர ஆளுயரத் தகரம் அடித்து, தகரத்தின் ஆணி ஓட்டைகளுக்கும் துணி அடைத்து வைத்திருந்தாள். மேலுக்குத்தான் மறைப்பில்லை. மேலுக்கு யார் மறைப்புப் போடுவார்கள்? அங்கே தென்னைகளும் காகங்களும்தான். தேங்காய் பிடுங்க வருகிறவன்கூட மரத்தில் கால் வைக்க முதல், "ஏறப்போறன்!" என்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டுத்தான் ஏறுவான். கிணற்றடியில் பெண்கள் நின்றால் விலகிக்கொள்வார்கள். தியாகராசாவோ ஒரு வருடமாக ஒரு குரலும் கொடுக்காமல் ஏறிக் குந்திக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் குணலட்சுமி முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது தியாகராசாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. சோறு வடிக்கத் தெரியாது. மனுசியை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவதென்றும் தெரியாது. அப்போது வேலியில் ஆள் நுழையுமளவுக்கு விட்டிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தவள்தான் கேதீஸ்வரி. யாரும் கூப்பிடவில்லை. நாள்தோறும் பள்ளிக்கூடம் போக முதல் வருவாள். குணலட்சுமியை ஒரு கையால் அணைத்துத் தன் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, வெயில் பட்ட தண்ணீரை மெல்ல மெல்ல வார்ப்பாள். அரப்பு வைத்துத் தலை முழுகவார்த்து, சாம்பிராணி பிடித்துத் தலைமயிரைக் காயவைத்துத்தான் திருப்பி அனுப்புவாள். தியாகராசா பொட்டுக்கு இந்தப் பக்கம் துவாயோடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தகரத்துக்குப் பின்னால் இரண்டு பெண்களும் எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்கும். நோவில் முனகிக்கொண்டு கிடந்த மனுசி சிரிக்கிறாளே என்று அவருக்குக் கண் கலங்கிவிடும். அந்தப் பெண் இல்லாவிட்டால் தன் வீடு வீடாக இருந்திராது என்று அவர் பின்னர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது வருவது குறைந்துவிட்டது. பொட்டடியில் நின்று இரண்டு வார்த்தை கதைப்பதோடு சரி. கிழக்கு வெளுக்க முதலே அவளுடைய வாளிச் சத்தம் கேட்டது. பிறகு இருமல். மாதக்கணக்காகத் தடிமன் விடவில்லை. தியாகராசா தன் பங்குக்கு மல்லித்தண்ணி அவித்துக் கொடுக்கும்படி மனுசியிடம் சொன்னார். ஒருநாள் சாப்பிடும்போது, "மாடி எடுத்தால் சனத்துக்கு ஒரு எரிச்சல்தான், கேதீசும் விதிவிலக்கில்லை," என்றும் சொல்லிவிட்டார்.

குணலட்சுமி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அவள் ஏன் இருட்டோடை குளிக்கிறாள் எண்டு உங்களுக்கு உண்மையாவே தெரியாதோ?"

"ஏன்?"

"நீங்கள் விடிஞ்ச உடனை மேலை போய் இருக்கிறியள். கீழை அவளின்ரை கிணறு."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. "நான் அந்தப் பக்கம் திரும்பியும் பாக்கிறேல்லையே, குணம்!"

"பாக்கிறேல்லை எண்டு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எண்டாலும் தலைக்கு மேலை ஒரு ஆம்பிளை இருக்கேக்கை எந்தப் பொம்பிளை குளிப்பாள்?"

"அவள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"அவள் சொல்லுவாளே? நான் இண்டைக்கு வாயைப் பிடுங்கித்தான் எடுத்தனான். 'அண்ணை ஆசைப்பட்டு இருக்கிற இடம் அக்கா, இருக்கட்டும்' எண்டாள்."

தியாகராசாவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. இனி அங்கே இருக்கமாட்டேன் என்றார். நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று அவள் ஒவ்வொரு வாளிக்கும் நிமிர்ந்து பார்க்கவேண்டுமா என்று குணலட்சுமி திருப்பிக் கேட்டாள். அதுவும் நியாயம்தான். அடுத்த நாளே சுன்னாகத்துக்குப் போய் உருக்குக் கம்பிக் கயிறும், கொக்கிகளும், முறுக்கி இறுக்குகிற திருகும், மழைக்கும் வெயிலுக்கும் தாங்குகிற தடித்த பச்சைச் சீலையும் வாங்கிவந்தார்.

அப்படித்தான் அவர் ஸ்ரூலில் ஏறினார். இரண்டு தூணிலும் கொக்கி இறங்கியதும் கம்பிக் கயிற்றை ஒரு கொக்கியில் மடித்துப் பூட்டினார். சீலையின் வளையங்களைக் கோர்த்து, மற்ற நுனியைத் திருகில் மாட்டினார். முதல் தடவை கம்பி வயிறு வைத்துத் தொங்கியது. திருகை முறுக்க முறுக்க வயிறு வற்றி நேராகியது. விரலால் தட்டிப் பார்த்தார். தம்புராத் தந்திபோல அதிர்ந்தது. அன்றிரவு அவருக்கு நல்ல நித்திரை.

அடுத்த நாள் விடியச் சீலையை இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் தேத்தண்ணியோடு நிம்மதியாக இருந்தார். சோளகக் காற்றுக்குச் சீலை உப்பி உப்பி அடங்கியது. கீழே ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இருட்டோடு கேட்ட வாளிச் சத்தமும் நின்றுபோயிற்று. கேதீஸ்வரி முதல் நாள் பின்னேரமே தண்ணீரை அள்ளிக்கொண்டுபோய் வைத்து, வீட்டுப் பின்கோடிக்குள் ஒடுங்கி நின்று குளிப்பதாகக் குணலட்சுமி சொன்னாள். நல்லது செய்யப் போய் இருந்ததையும் கெடுத்துவிட்டேனே என்று நேரே பொட்டடிக்குப் போனார்.

கேதீஸ்வரி முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை, மறைப்புப் போட்டாச்செல்லே. இனி நீ பயமில்லாமல்..." என்று தொடங்கியவர், கிணற்றடியைக் காட்டப் போன கையை இழுத்துக்கொண்டார்.

அவள் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். "கோவிக்காதேங்கோ அண்ணை. முந்தி நிமிந்து பாத்தால் நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியும். இருட்டிலை எண்டாலும் ஆள் இல்லை எண்டு கண்டிட்டுக் குளிப்பன். இப்ப சீலை ஆடேக்கையெல்லாம் பின்னாலை ஆரோ நிக்கிற மாதிரிக் கிடக்கு."

எவ்வளவு இறுக்கி என்ன, இழுக்கிறதும் மூடுகிறதும் தன் கையில் இருக்கிறவரை அது தனக்குப் போட்ட மறைப்புத்தான், அவளுக்குப் போட்டதல்ல. ஒளித்திருந்து பார்க்கிறவனும் இப்படித்தானே சீலை கட்டுவான்! நினைக்கவே அவருக்குக் கூசியது.

அன்று பின்னேரம் மறுபடியும் ஸ்ரூல் ஏறினார். நிலத்தோடு ஒட்டி இன்னொரு கம்பி இழுத்துச் சீலையின் அடிப்பக்கத்தையும் அதில் கோர்த்தார், இனிக் காற்றுக்கு உப்பாது. பிறகு இரண்டு தூணிலும் சின்னக் கப்பி பூட்டி, சீலையின் முன்வளையத்தில் நைலோன் கயிறு கட்டி, அதன் இரண்டு நுனியையும் வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் தொங்கவிட்டார். ஒரு நுனியை இழுத்தால் மூடும், மற்றதை இழுத்தால் திறக்கும். பல்கனிப் பக்கத்தில் பிடித்து இழுக்க ஒன்றும் வைக்கவில்லை.

பொட்டடியில் நின்று, "வரட்டோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனார். கயிற்று நுனிகளைத் தகரத்துக் கட்டையில் கட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஐயோ! பல்கனி தலைக்கு மேலேயே நின்றது. அவருடைய கதிரை, கதிரையில் மடித்துப் போட்ட பேப்பர், பேப்பரில் இருந்த படம்கூடத் தெரிந்தது. ஒரு வருடமாக இவள் இதற்குக் கீழே நின்றிருக்கிறாள். இருந்தும் தன்னை ஒரு சொல்லால் நோகச் செய்யவில்லை.

"என்ரை மனுசியை நீ குளிப்பாட்டின இடமெல்லே பிள்ளை, இது," என்றார். "உன்னைப்போய் நான் இருட்டுக்குள்ளை..."

"சும்மா இருங்கோ அண்ணை," என்று கேதீஸ்வரி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மேலே வளையங்கள் கம்பியில் கலகலவென்று ஓடின. கதிரையும் பேப்பரும் மறைந்தன. மற்றக் கயிற்றை இழுத்தாள், திரும்ப வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பள்ளிக்கூட நாடகத்துக்கும் இப்பிடி ஒண்டு கட்டித் தாங்கோவன்!"

வெள்ளிக்கிழமை. வெயில் வாழையிலைகளில் ஏறிவிட்டிருந்தது. தியாகராசா பேப்பரின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார். திடீரென்று வளையங்கள் அசைந்தன. பச்சைச் சீலை தானாகவே நகர்ந்து வந்து, வாழைகளை, தோட்டத்தை, கடைசியில் கோபுரத்தையும் மூடியது. அவர் பதறி எழும்பினார். உள்ளே போய், தான் போய்விட்டது கீழே கேட்கட்டும் என்று கதவைப் படீரென்று சாத்தினார்.

"கதவு உடையப்போகுது! தேத்தண்ணிக் கோப்பை எங்கை?" என்று குணலட்சுமி படிக்கட்டடியிலிருந்து கத்தினாள்.

"வெளியிலை. ஆறட்டும்."

அவள் ஏறிவந்து பக்கத்தில் நின்றாள். கீழே வாளி தண்ணீரில் விழுந்தது. வார்க்கிற சத்தம், நிலத்தில் ஓடுகிற சத்தம், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"தலை முழுகிறாள்," என்றாள் குணலட்சுமி மெல்ல. "அரப்பு வைக்கிறாள்."

தியாகராசா கையைக் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றார். வாளி மறுபடி இறங்கியது. அவசரமே இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் வார்ப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வளையங்கள் ஓடின. கதவின் கீழ் இடுக்கால் வெயில் உள்ளே வந்து, இருவருடைய கால்விரல்களிலும் பட்டது.