கீரிக்குக் குழிகள் வந்த விதம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஜெஸ்லியா தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கல்லையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியல் படிக்கிறவள். விடுமுறைக்கு மன்னார் உப்புக்குளத்து வீட்டுக்கு வந்திருந்தாள். கீரி என்பது அங்கே கடற்கரையோரத்து ஊர்.

"கீரியில மாமாட காணிக்குள்ள வானம் விழுந்திருக்கு. எழுதுங்கோ!"

எழுதினேன்: 'யுகங்களுக்கு முன், இருண்ட பெருவெளியில் ஒரு கல் தன்னந்தனியே...'

(வேண்டாம். அந்தக் கல் கீரிக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.)

2

காணியில் வரிசையாக ஆறேழு வட்டக் குழிகள். வடக்கே சட்டியளவு, தெற்கே போகப் போகப் பெரிதாகி, கடைசிக் குழிக்குள் ஒரு வீடே இறங்கும். மாமா பாயிஸ் அங்கே விடுதி கட்டப்போகிறார். குழிகளை மூட மண்ணோடு ட்ரக்டர் வந்தது. ஜெஸ்லியா அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

(சாரதியை அழகனாக்கி, இருவர் கண்களும் சந்தித்த அந்தக் கணத்தில்... வாசித்த ஜெஸ்லியா, "அவருக்குப் பேரப்பிள்ளையள் இருக்கு" என்றாள். அடித்துவிட்டேன்.)

"இதெல்லாம் சண்டை நேரம் ஷெல் குண்டு விழுந்த குழி புள்ள," என்றார் மாமா. "பாக்கிற நேரமெல்லாம் ஊரை விட்டு ஓடின நாள்தான் ஞாபகம் வருது. மூடினாத்தான் எனக்கு நிம்மதி."

3

அவள் பெரிய குழியின் அடியில் நின்ற பனையைக் காட்டினாள்.

"இது எப்பத்தைய பனை மாமா?"

"வாப்பா சின்னனா இருக்கேக்கயே காய்ச்ச பனை."

"ஷெல் விழுந்திருந்தா நிக்குமா? குழி முந்தி, பனை பிந்தி."

மாமா பனையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். "அப்ப என்னதான் விழுந்தது?"

"ஒரு கல்லா இருக்கலாம். காத்துக்குள்ள வரேக்க உடைஞ்சிருக்கும். சின்னத் துண்டைக் காத்து மறிச்சுப்போடும், முன்னமே விழுந்திடும். பெரிசு தூரப் போய் விழும்."

மாமா நம்பவில்லை. ட்ரக்டரிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி வீசினார். தூள் கிட்டே விழுந்தது, கட்டி தூரே போனது. மறுபடி வீசினார். பிறகு சாரதியும் வீசினார். மூவரும் புழுதியில் குளித்துக் கத்திக் கூத்தாடினார்கள்.

(குறிப்பு: குழிகள் வரிசையாக இருப்பது மட்டும் சான்றாகாது. விண்கல்லின் இரும்போ, மோதலில் சிதைந்த பாறையோ கிடைக்க வேண்டும். கூத்தில் இதைச் சொல்ல மறந்துவிடப் பார்த்தேன்.)

4

பெரிய குழியின் மணலில் ஜெஸ்லியா காந்தத்தை இழுத்தாள். பட்டாணியளவு கறுப்புக் கட்டி ஒன்று ஒட்டிக்கொண்டது. வானத்து இரும்பாக இருக்கலாம். மன்னார்க் கரையில் சாதாரணமாகவே கிடக்கும் கறுப்பு மணல் இறுகியதாகவும் இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் சோதிக்கக் கொடுத்திருக்கிறாள்.

முடிவு ஒன்று: உலகமே கீரிக்குத் திரண்டு...

முடிவு இரண்டு: வெறும் மணல், எல்லோரும்...

இரண்டையும் விட்டுவிட்டேன். உங்களுக்குப் பிடித்தபடி முடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாமா ட்ரக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். விடுதியைக் காணியின் மறுபக்கத்தில் கட்டப்போகிறார். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் குழிகளைக் காட்டுகிறார்.

"மாமா, கல்லெண்டு இன்னும் முடிவாகேல்ல," என்றாள் ஜெஸ்லியா.

"ஆகாட்டிப் போகட்டும்," என்றார் அவர். "ஷெல் இல்லையெல்லோ!"